கிரவுன் வீல் எந்தப் பக்கம்

அந்த வாரம் முழுக்கக் கியர்க்காரருக்குக் காது மட்டும்தான் வேலை செய்தது. சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே, சுவரில் ஒரு காற்றுத் துவாரம் உண்டு. சுவருக்கு அந்தப் பக்கம் கொட்டகை. கொட்டகைக்குள் அவர் மனைவி ஒரு பழைய காருக்குக் கியர் பாக்ஸ் மாற்றிக்கொண்டிருந்தாள். உள்ளே போகவோ எட்டிப் பார்க்கவோ அவருக்கு அனுமதி இல்லை. அதனால் கழுவிய டம்ளரையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டு, துவாரத்துப் பக்கம் காதைத் திருப்பி நின்றார். கல்யாணமான நாளிலிருந்து தொட்டிப் பக்கமே வராத மனுஷன், அந்த வாரம் அந்த வீட்டில் ஒரு ஸ்பூனைக்கூட அழுக்காக இருக்க விடவில்லை.

அவரை மோசமான ஆள் என்று யாரும் சொல்ல முடியாது. குடி கிடையாது, கூச்சல் கிடையாது, மனைவியைக் கேட்காமல் ஒரு சட்டை வாங்கியது கிடையாது. வீட்டின் முன்பக்கம் அவருடைய ஒர்க்‌ஷாப். கியர் பாக்ஸ் வேலையில் கெட்டிக்காரர், அதனால் எல்லாருக்கும் அவர் கியர்க்காரர். இருபது வருஷமாக அவரோடு சேர்ந்து வேலை செய்த அவர் மனைவிக்குக் கியர்க்காரம்மா என்று பேர். அந்தப் பேர் அவளுக்குப் பிடிக்காது. "நான் என்ன அவருக்கு ஸ்பேர் பார்ட்டா?" என்பாள்.

ஒர்க்‌ஷாப்பில் ஒரு வழக்கம் இருந்தது. எந்த வண்டியானாலும் கடைசி போல்ட்டைக் கியர்க்காரர்தான் முறுக்குவார். பாக்ஸைக் கழற்றியது அவளாக இருக்கும், பேரிங் மாற்றியது அவளாக இருக்கும், முதுகு ஒடியத் தூக்கி மாட்டியதும் அவளாகவே இருக்கும். கடைசியில் இவர் வந்து, "கொஞ்சம் தள்ளு" என்று ஸ்பேனரை வாங்கி, ஏற்கெனவே இறுகிக் கிடக்கும் போல்ட்டை இன்னும் ஒரு இழை இறுக்குவார். அந்த ஒரு இழைக்கு முன்னால் அது அவள் செய்த வேலை. அதற்கப்புறம் அவர் செய்த வேலை. வண்டிக்காரர்களும் அவருக்கே நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். அவர் இதை வேண்டுமென்று செய்யவில்லை. தட்டில் சோறு இருந்தால் கை தானாகப் போகிற மாதிரி, போல்ட்டைக் கண்டால் அவர் கை போகும், அவ்வளவுதான்.

இப்படி இருக்கும்போதுதான் பல் டாக்டரின் கார் வந்தது. முதுகு வளைந்த, எஞ்சின் பின்பக்கம் இருக்கிற, அந்தக் காலத்துச் சின்னக் கார். டாக்டர் ஐம்பதைத் தாண்டிய அம்மா, சிரிக்காமல் ஜோக் அடிப்பவர். "ஊருக்கெல்லாம் பல்லு கட்டறேன். என் வண்டிக்குப் பல்லு போயிடுச்சு பாருங்க" என்றார். உண்மைதான். கியர் பாக்ஸைத் திறந்தால் உள்ளே பல்சக்கரங்கள் பொக்கை வாயாகக் கிடந்தன. சக்கரத்துக்குப் போகிற டிரைவ் ஷாஃப்ட் ஒன்றும் முனை தேய்ந்து மொட்டையாகிவிட்டது.

அன்று சாப்பிடும்போது அவள் சொன்னாள்.

"இந்த வண்டியை நான் தனியா செய்யறேன். உங்க கை படக்கூடாது, கண்ணு படக்கூடாது, யோசனையும் சொல்லக்கூடாது."

"ஓடலைன்னா?"

"பழையபடி உங்ககிட்டயே வேலை செய்யறேன். தனிக்கடைங்கற பேச்சையே எடுக்க மாட்டேன்."

"ஓடிச்சுன்னா?"

"பின்னாடி கொட்டகை என் கடை. என் பேர் போட்ட பலகை. எலி வளையானாலும் தனி வளை வேணும்ங்க எனக்கு."

கியர்க்காரர் சிரித்துவிட்டுச் சரி என்றார். அந்தச் சிரிப்பு அந்த ஒரு வேளையோடு சரி. மறுநாள் கொட்டகைக் கதவு உள்பக்கம் தாழ் போட்ட சத்தம் கேட்டது. இருபது வருஷமாகத் தன் கண் முன்னால் நடந்த வேலை இப்போது சுவருக்கு அந்தப் பக்கம் நடக்கிறது. தட்டுகிற சத்தம் கேட்டால் ஏன் தட்டுகிறாள் என்று கேள்வி. சத்தமே இல்லாவிட்டால் ஏன் சத்தமில்லை என்று கேள்வி. ஒருநாள் வெல்டிங் சத்தம் கேட்டது. கியர் பாக்ஸுக்கு எதற்கு வெல்டிங்? யோசித்து யோசித்து, ஒர்க்‌ஷாப்பில் ஒரு கஸ்டமரின் வண்டிக்கு எஞ்சின் ஆயிலை இரண்டு தடவை ஊற்றிவிட்டார்.

உண்மையான தலைவலி புதன்கிழமை லோடு வண்டியில் வந்து இறங்கியது. டாக்டரின் காருக்கு ஏற்ற பழைய கியர் பாக்ஸ் எங்கேயும் கிடைக்காமல், அவள் எங்கேயோ தேடி, அதே கம்பெனி அந்தக் காலத்தில் செய்த வேனின் கியர் பாக்ஸை வாங்கியிருந்தாள். ஒர்க்‌ஷாப் வாசலில் நின்றபடியே கியர்க்காரர் அதை அடையாளம் கண்டுகொண்டார்.

வேனின் பாக்ஸ் காருக்குள் அச்சாகப் பொருந்தும். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த வேனில் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு ஜோடிப் பல்சக்கரம் உண்டு. அது சுற்றுகிற திசையைத் திருப்பிவிடும். அதற்குத் தகுந்தபடி, பாக்ஸுக்குள் இருக்கும் கிரவுன் வீல் என்கிற பெரிய பல்சக்கரத்தைக் கம்பெனிக்காரன் எதிர்ப்பக்கம் வைத்திருப்பான். காரில் அந்த ஜோடி கிடையாது. ஆகவே பாக்ஸைத் திறந்து, கிரவுன் வீலை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு மாற்றி மூடவேண்டும். மாற்றாமல் மாட்டினால் கார் ஓடும், நன்றாகவே ஓடும். பின்னால் ஓடும். நாலு கியரிலும் பின்னால் போய், ரிவர்ஸ் போட்டால் மட்டும் முன்னால் வரும்.

கியர்க்காரர் இந்த வேலையை வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை செய்திருக்கிறார். அந்த வாரம் அவள் மகளைப் பெற்று ஆஸ்பத்திரியில் இருந்தாள். அவளுக்கு இது எப்படித் தெரியும்? தெரிய வழியே இல்லை என்று அவர் முடிவு கட்டிவிட்டார். அவர் முடிவு கட்டினால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

ராத்திரிச் சாப்பாட்டில் மெதுவாக ஆரம்பித்தார். "வேன் வேற, கார் வேற, இல்ல?"

"ரூலு" என்றாள் அவள்.

"நான் பொதுவாச் சொன்னேன்."

"பொதுவாவும் சொல்லக்கூடாது."

அவளுடைய கையைப் பார்த்தார். நகக்கண்ணில் கியர் ஆயில். அப்படியானால் திறந்திருக்கிறாளா? திறந்தவள் உள்ளே பார்த்தாளா? பார்த்தவளுக்குப் புரிந்ததா? கேட்டால் ரூல். கேட்காவிட்டால் மண்டை வெடித்துவிடும் போலிருந்தது. ஒரு பக்கம் அவள் பாடுபட்டு மாட்டி, நாலு பேர் முன்னால் வண்டி பின்னால் ஓடி, எல்லாரும் சிரிக்கிற காட்சி. அதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. இன்னொரு பக்கம், அப்படி ஓடினால் பழையபடி அவள் ஒர்க்‌ஷாப்புக்கு வந்துவிடுவாள் என்ற நினைப்பும் ஒரு மூலையில் எட்டிப் பார்த்தது. அந்த நினைப்பை அவர் உடனே விரட்டினார் என்பதையும் சொல்லவேண்டும். அவள் ஜெயிக்க வேண்டும் என்றுதான் அவர் நிஜமாகவே விரும்பினார். அதில்தான் வினையே.

வியாழக்கிழமை மத்தியானம், புது டிரைவ் ஷாஃப்ட்டை அளவு பார்க்க அவள் லேத்துப் பட்டறைக்குக் கிளம்பினாள். லேத்துக்காரர் அவளுடைய அண்ணன். வந்தவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து, பத்து விஷயம் பேசாமல் ஒரு நட்டைக்கூடத் தரமாட்டார். எப்படியும் மத்தியானம் முழுக்க ஆகும். மச்சானின் வாய்க்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, கியர்க்காரர் கொட்டகையின் பின்பக்க ஜன்னல் வழியாக உள்ளே இறங்கினார். சொந்த வீட்டில் திருடனாக நுழைந்தவர், கால் வைத்த இடத்தில் பெயிண்ட் டப்பாவை உதைத்து, தானே "உஷ்" என்றார்.

கார் ஜாக்கியின் மேல் நின்றது. சுவரோரமாகப் புதிதாக வெல்டு வைத்த இரும்பு ஸ்டாண்ட். அதன்மேல் கியர் பாக்ஸ், தூசி படாமல் பழைய போர்வையால் மூடி, கயிறு கட்டியிருந்தது. கட்டு அவள் போடும் கட்டு. அவிழ்த்தால் அதேபோலத் திரும்பக் கட்ட அவரால் முடியாது என்று அவருக்குத் தெரியும். அதனால் கயிற்றைத் தொடாமல், பக்கவாட்டில் மட்டும் போர்வையைச் சுருட்டி மேலே தூக்கினார். பக்கத்து மூடியின் நட்டுகள் பளபளவென்று இருந்தன. ஆக, திறந்திருக்கிறாள். இவரும் திறந்தார். டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு உள்ளே பார்த்தார்.

கிரவுன் வீல் வலப்பக்கம் இருந்தது. வேனில் இருக்கிற மாதிரி.

"சொன்னேன்ல" என்றார், யாரும் இல்லாத கொட்டகையில்.

பிறகு மளமளவென்று வேலை நடந்தது. இரண்டு பக்கமும் திறந்து, கிரவுன் வீல் மாட்டியிருக்கும் டிஃபரன்ஷியலை உருவி, திருப்பிப் போட்டு, இடைவெளிக்கு வைக்கிற தகடுகளைப் பக்கம் மாற்றி, மூடினார். கை பழைய கை, தடுமாறவில்லை. கடைசி நட்டை ஒரு இழை கூடுதலாக முறுக்கி, போர்வையை இறக்கி விட்டு, ஜன்னல் வழியாக வெளியே வந்தபோது அவருக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. இனி அவள் ஜெயிப்பாள். யாருக்கும் தெரியாது. இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைப்பான் என்று தன்னையே மெச்சிக்கொண்டார். அன்று ராத்திரி ஒட்டுக்கேட்கத் தொட்டிப் பக்கம் போகாமல், ரொம்ப நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினார். பாத்திரம் அப்படியே கிடந்தது.

சனிக்கிழமை காலை கொட்டகையின் பெரிய கதவு திறந்தது. டாக்டர் வந்திருந்தார். லேத்துக்காரர் தான் செய்த டிரைவ் ஷாஃப்ட் சுற்றுவதைப் பார்க்க வந்திருந்தார். அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் சிலர் பல் தேய்த்தபடியே வந்து நின்றார்கள். கார் தெருவைப் பார்த்து நின்றது. அவள் தலைமுடியை இழுத்துக் கட்டி, சுத்தமான சட்டை போட்டு, ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தாள். கியர்க்காரரைப் பார்த்து ஒரு சின்னச் சிரிப்பு. அவரும் ஒன்றும் தெரியாத பிள்ளையாகச் சிரித்தார்.

எஞ்சின் ஒரே திருப்பில் பிடித்துக்கொண்டது. கிளட்சை அழுத்தி, முதல் கியர் போட்டு, மெதுவாகக் காலை எடுத்தாள். கார் ஒரு குலுங்கு குலுங்கி, கம்பீரமாகப் பின்னால் போய், அடுக்கி வைத்திருந்த பழைய டயர்களில் உட்கார்ந்தது.

அவள் இரண்டாவது போட்டாள். பின்னால். ரிவர்ஸ் போட்டாள். கார் சமர்த்தாக முன்னால் வந்து தெருவில் நின்றது.

"ஏம்மா, நாலு ரிவர்ஸும் ஒரு ஃபார்வர்டுமா?" என்று லேத்துக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். "கடன்காரன் எதிர்ல வந்தா தப்பிக்க நல்ல வண்டி!"

"நான் கிளினிக்குக்கு முதுகைக் காட்டிக்கிட்டேதான் போகணும்போல" என்றார் டாக்டர். பல் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்து நுரையைத் துப்பினார்கள்.

கியர்க்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. நானே மாற்றி வைத்தேனே, எப்படி?

அவள் இறங்கி வந்தாள். முகம் வெளுத்திருந்தது. யாரிடமும் பேசவில்லை, தனக்குத்தானே பேசிக்கொண்டாள். கைகள் காற்றில் ஒரு கியர் பாக்ஸைப் பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தன.

"நான் மாத்தினேனே. வாங்கின அன்னைக்கே கையால சுத்திப் பாத்தேன், திசை தப்பா வந்துச்சு. தொறந்தேன், மாத்தினேன். மறுபடியும் சாக்பீஸால கோடு போட்டுச் சுத்திப் பாத்தேன். சரியாத்தான் இருந்துச்சு. அப்புறம் அடிப்பக்கம் துடைக்கறதுக்காக ஸ்டாண்டு மேலயே பாக்ஸைத் தலைகீழாக் கவுத்தி, மூடிக் கட்டினேன். அவ்வளவுதானே? எங்க தப்பு பண்ணேன்?"

தலைகீழாக. கியர்க்காரருடைய ஒர்க்‌ஷாப்பில் பாக்ஸை எப்போதும் இரண்டு மரக்கட்டையின் மேல், நேராகத்தான் வைப்பார்கள். கவிழ்த்து வைக்கலாம் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. கவிழ்த்து வைத்தால் இடப்பக்கம் இருப்பது வலப்பக்கம் தெரியும். போர்வையை முழுசாக எடுத்திருந்தால், சின்னக் குழந்தைக்குக்கூடப் புரிந்திருக்கும். அவள் சரி செய்து வைத்ததை அவர் போய்த் தப்பாக்கி வைத்திருக்கிறார்.

அவள் அவர் முன்னால் வந்து நின்றாள். கண்ணில் நீர் இல்லை. அது இருந்திருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"சரிங்க. சொன்னா சொன்னதுதான். திங்கக்கிழமை ஒர்க்‌ஷாப்புக்கு வரேன்."

அவ்வளவுதான். வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டினால் போதும். யாருக்கும் தெரியாது. அவள் பழையபடி பக்கத்தில் இருப்பாள், சுவர் இருக்காது, துவாரம் இருக்காது, டம்ளர் கழுவ வேண்டியதில்லை. அவளோ கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள், ஏதோ அந்தக் கைதான் அவளை ஏமாற்றிவிட்ட மாதிரி. இனி அவள் அந்தக் கையை நம்பமாட்டாள். அதை மட்டும் கியர்க்காரரால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"நீ தப்பு பண்ணலை" என்றார். குரல் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "நான்தான் தொறந்து மாத்தி வெச்சேன்."

"மாப்பிள்ளை!" என்றார் லேத்துக்காரர்.

அவள் அண்ணனைக் கையால் அடக்கினாள். "எப்போ?"

"வியாழக்கிழமை. நீ லேத்துக்குப் போனப்ப. ஜன்னல் வழியா."

"ஏன்?"

"நீ மாத்தியிருக்க மாட்டேன்னு நினைச்சேன். கவுத்தி வெச்சிருக்கேன்னு தெரியலை. நீ ஜெயிக்கணும்னுதான்…" முந்திரிக்கொட்டை என்று யாராவது திட்டினால் நன்றாக இருக்கும் போலிருந்தது. யாரும் திட்டவில்லை. "பந்தயத்துல நான் தோத்துட்டேன். கொட்டகை உன்னுது."

"நீங்க தோத்ததால எனக்கு வேண்டாம். வண்டி ஓடி நான் ஜெயிக்கணும்" என்றாள். கோபம் வரும் என்று அவர் காத்திருந்தார். வந்தது ஒரு கேள்விதான். அதுவும் நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற ஆசையோடு வந்தது.

"தொறந்தீங்கல்ல? எப்படி இருந்துச்சு?"

"எது?"

"என் வேலை."

கியர்க்காரர் வாயைத் திறந்தார். ஞாபகப்படுத்திப் பார்த்தார். கிரவுன் வீல் வலப்பக்கம் இருந்தது ஞாபகம் வந்தது. பேரிங் புதுசா, பழசா? ஆயில் கசியாமல் தடுக்கிற சீல் எப்படி உட்கார்ந்திருந்தது? உள்பக்கம் எவ்வளவு சுத்தம்? ஒரு மணி நேரத்துக்கு மேல் அதற்குள் கையை விட்டிருந்தவருக்கு ஒன்றுகூட நினைவில்லை.

"பாக்கலை" என்றார். "தப்பு எங்க இருக்குன்னு மட்டும்தான் பாத்தேன்."

அவள் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, டாக்டர் பக்கம் திரும்பி, "சாயங்காலம் வாங்க டாக்டர். முன்னால போகும்" என்றாள்.

சாயங்காலம் கார் முன்னால் போனது. டாக்டர் அதில் மூன்று தெரு சுற்றினார், திங்கட்கிழமை கொட்டகைக்குப் பலகை வந்தது, பலகையில் அவளுடைய பேர் மட்டும் இருந்தது. அதெல்லாம் முறையாக நடந்தது. ஆனால் அதற்கு முன்னால், எல்லாரும் கலைந்த பிறகு, கியர்க்காரரும் தலையைத் தொங்கப்போட்டுக் கிளம்பினார்.

"எங்க போறீங்க?" என்றாள் அவள், காருக்கடியிலிருந்து. "பாக்ஸைத் தனியா இறக்க முடியுமா? லைட்டைப் புடிங்க."

இறக்கினார்கள். போர்வை இல்லாமல், நேராக, ஸ்டாண்டின் மேல் வைத்தார்கள். அவள் பக்கத்து மூடியைக் கழற்றிவிட்டு, தள்ளி நின்றாள். "இப்ப பாருங்க."

அவர் லைட்டைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். கிரவுன் வீலின் பல் ஒவ்வொன்றிலும் நட்டநடுவே, நெல்லளவு நீலச்சாயத் தடம். பல்லோடு பல் சரியாக நடுவில் கடிக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சாயம் தடவி, சுற்றி, பார்த்திருக்கிறாள். அவர் இதுவரை சத்தத்தை வைத்தே குத்துமதிப்பாகச் சரி என்று விட்ட இடம் அது. சீல் ஒரு மயிரிழை கோணாமல் உட்கார்ந்திருந்தது. உள்சுவரில் விரலை வைத்தால் விரல் சுத்தமாக வந்தது. ஒரு மூலையில், பின்னால் யாராவது திறந்தால் தெரியவேண்டும் என்று, தகடுகளின் அளவை ஊசியால் கீறி வைத்திருந்தாள். இதே லைட் வெளிச்சத்தில் இருபது வருஷம் அவள் பக்கத்தில் நின்றிருக்கிறார். அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக, இன்னும் பார்க்கவேண்டும் போலிருந்தது. சுற்றிச் சுற்றி வந்து, குனிந்து, அந்தப் பக்கத்து மூடியையும் கழற்றச் சொல்லிப் பார்த்தார்.

"நல்லா இருக்கு" என்றார் கடைசியில்.

"தெரியும்" என்றாள் அவள். "லைட்டை இந்தப் பக்கம் காட்டுங்க."